கடலோரத் தோட்டத்துக்கு விருந்தினர் வந்தால் என்ன செய்வார்கள்?

“கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்களுக்கு மூன்று ஏக்கர் மணல் நிலம் இருக்கிறது. முல்லையும் மாவும் போட்டிருக்கிறோம். கஜா புயலில் பெரிய மாமரங்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது இருப்பவை பிறகு வைத்த கன்றுகள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், ‘தோட்டத்தில் நாலு அறையும் ஒரு நீச்சல் குளமும் கட்டினால் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள், நிலத்தின் பேரில் கடன் வாங்கிக்கொள்ளலாம்’ என்கிறான். இங்கே வந்து அவர்கள் என்னதான் செய்வார்கள்? கடலைத் தவிர எங்கள் ஊரில் என்ன இருக்கிறது?”

- வேதாரண்யம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி

இந்தக் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பது வாசகி கேட்ட கேள்வி. அதற்காக நிலத்தை அடகு வைக்கலாமா என்பது அவர் கேட்காமல் விட்ட கேள்வி. முதலாவதற்கு விடை சொல்வது எளிது. இரண்டாவதற்கான விடை அவருடைய தோட்டத்துக் குட்டையில் இருக்கிறது.

கடலில் இருந்தே தொடங்கலாம். கடற்கரை ஊர் என்றதும் நகரத்துக்காரருக்கு நீச்சல்தான் நினைவுக்கு வரும். வேதாரண்யம் கரை அதற்கு ஏற்றதல்ல. பல மாதங்களில் கரையோரம் சேறு ஒதுங்கிக் கிடக்கும். கால் வைத்தால் புதையும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ஏராளமானோர் வந்து முழுக்குப் போடுகிறார்கள் என்பது உண்மை. கரையோரம் முழங்கால் நீரில் முழுக்குப் போடுவது வேறு, அலைக்குள் இறங்கி விளையாடுவது வேறு. வங்கக் கடல் கரையில் கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் எங்கே இருக்கும் என்பது அந்தந்த ஊர் மீனவருக்குத் தெரியும். சென்னையிலிருந்து வரும் பிள்ளைக்குத் தெரியாது. அப்படி இழுபட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வர வேண்டும் என்பதை விருந்தினருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடலில் குளிக்க வைப்பதை நம்பி ஒரு தொழிலைத் தொடங்குவது, ஒரு வீட்டின் துக்கத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வது போல.

கடலைக் கழித்துவிட்டால் என்ன மிச்சம்? நிறைய.

விடிவதற்கு முன் முல்லைத் தோட்டத்தில் நடக்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஆதனூர், கருப்பம்புலம், நெய்விளக்கு போன்ற ஊர்க்காரர்களுக்கு அது அன்றாடம். இருட்டு பிரியும்போது இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு பெண்கள் செடிக்குள் இறங்குகிறார்கள். மொட்டு விரியும் முன் பறித்தாக வேண்டும். நேரம் தவறினால் விலை போய்விடும். பூவைத் தொடுத்த சரமாக மட்டுமே பார்த்து வளர்ந்த ஒரு குடும்பம் இந்தச் செடிக்குள் அரை மணி நேரம் குனிந்து நின்று பார்க்கட்டும். உள்ளங்கை நிறைவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பூக்காரம்மாவிடம் இனி பேரம் பேசாத அளவுக்குப் புரிந்துகொள்வார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. விருந்தினர் பறிக்கும் பூ வரவுக் கணக்கில் சேராது. மொட்டோடு துளிரையும் கிள்ளுவார்கள். அவர்களுக்கென்று ஒரு வரிசையை ஒதுக்கிவிட்டு, மற்ற செடிகளில் வழக்கமாகப் பறிக்கும் பெண்களே பறிக்க வேண்டும். விருந்தினர் வந்திருக்கிறார்கள் என்று பறிப்பவர்களின் அன்றைய கூலியைக் குறைக்கிற தோட்டத்துக்கு அடுத்த முறை ஆள் வராது.

அடுத்து உப்பு. தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது வேதாரண்யத்தில்தான். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பக்கம் போனால் பாத்தி பாத்தியாக வெள்ளை தெரியும். தை, மாசியில் தொடங்கி மழை இறங்கும் வரை வேலை நடக்கும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் நடந்து புறப்பட்டு, 28-ம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ம் தேதி உப்பு அள்ளியது இந்த அகஸ்தியம்பள்ளியில்தான். நினைவுத்தூண் அங்கே நிற்கிறது. வேதரத்தினம் பிள்ளை அந்தத் தொண்டர்களுக்கு இடமும் சோறும் கொடுத்து, அதற்காகச் சிறை சென்றார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஊரில் ஒரு பெரியவராவது இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது வழிகாட்டிப் பலகையைவிட மேல்.

உப்பளத்துக்குள் நுழைய அதை நடத்துகிறவரின் அனுமதி வேண்டும். வெறுங்காலோடு அலைய விடக் கூடாது. அந்த நீர் சின்னக் கீறலையும் எரிய வைத்துவிடும். பிள்ளைகளுக்கு வேறு ஒரு வேலை கொடுக்கலாம். ஒரு லிட்டர் கடல் நீரை அகலமான தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தால், காய்ந்த பிறகு சுமார் 35 கிராம் உப்பு நிற்கும். அதை ஒரு தாளில் மடித்து ஊருக்கு எடுத்துப் போவார்கள்.

வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் கோடியக்கரை. கிழக்குக் கரை மேற்கே திரும்பும் முனை அது. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டில் வெளிமான் கூட்டம் மேயும். நிலத்து மட்டக்குதிரைகளும் உண்டு. மழைக்காலத்தை ஒட்டி வடக்கேயிருந்து பூநாரையும் உள்ளானும் ஆலாவும் வந்து இறங்கும். இங்கே பறவைகளுக்கு வளையம் கட்டி ஆராய்ந்தவர்களில் சலீம் அலியும் ஒருவர். இராமர் பாதம் இருக்கும் மணல் மேட்டில் ஏறி நின்றால் சுற்றிலும் காடும் சதுப்பும் தெரியும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் பூங்குழலியைத் தேடியே இங்கு வருகிறார்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டு வந்த பழைய கலங்கரை விளக்கத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது என்பதை அறிந்து கொஞ்சம் ஏமாந்தும் போகிறார்கள். கோடையில் வருகிறவர்களுக்குக் காட்டோரத்து பாலைப்பழம் கிடைக்கும். ஒன்று தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்புக்கே ஒரு பை வாங்கலாம். காட்டுக்குள் போய்ப் பறிக்கக் கூடாது, விற்கிறவர்களிடம் வாங்குவதே முறை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதியோடு படகில் போய்வர ஒரு முழு நாள் தேவைப்படும். திருமறைக்காட்டுக் கோயிலுக்கு ஒரு மாலை. அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்த கதவு என்று சொல்லப்படும் கதவைக் காட்டாமல் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அதற்குத் தனியாக யோசனை சொல்லத் தேவையில்லை.

மீன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஐப்பசி முதல் பங்குனி வரை கோடியக்கரையில் மீன்பிடிப் பருவம். வெளியூர் மீனவர்களும் வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள். காலையில் படகு கரையேறும்போது கரையே சந்தையாகிவிடும். விருந்தினர் பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்தக் கரை வலை உலர்த்தும் இடம், மீன் பிரிக்கும் இடம், அவர்களுடைய களத்துமேடு. நெல் காயும் களத்தில் யாரோ செருப்புக் காலோடு வந்து படம் எடுத்தால் உழவருக்கு எப்படி இருக்கும்? மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தில் முதலிலேயே போய்ச் சொல்லி, மீனை அவர்களிடமே அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கி, வழிகாட்ட வரும் இளைஞருக்குக் கூலியும் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. தோட்டத்து மாங்காயும் கரையின் மீனும் ஒரே சட்டியில் சேரும் குழம்பைத் தின்னவே வருகிறவர்கள் மறுபடியும் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், கோடை விடுமுறையில் வரும் குடும்பத்துக்கு மீன் குறையும், விலை ஏறும். அப்போது நுங்கும் மாம்பழமும் முன்னால் வர வேண்டும்.

இனி குட்டைக்கு வரலாம்.

இந்த மணல் நிலத்துக்குக் கீழே இருப்பது உப்பு நீர். மழை பெய்து மணலில் இறங்கும் நன்னீர், எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. கேட்கும்போது இனிப்பாக இருக்கும். அதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்கிறது. மோட்டார் வைத்து ஓரிடத்தில் ஓர் அடி நீரை நிரந்தரமாக இறக்கிவிட்டால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே வரத் தொடங்கும். ஒரு முறை உப்பேறிய இடம் தெளிய எத்தனை மழைக்காலம் ஆகும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். முல்லை வேர் உப்பை அதிகம் பொறுக்காது.

வேதாரண்யத்து உழவர்களின் முன்னோருக்கு இந்தக் கணக்கு புத்தகத்தில் இல்லை, கையில் இருந்தது. ஆழமாகத் துளைக்காமல், அகலமாகக் குட்டை தோண்டி, மேலே நிற்கும் நல்ல நீரை மட்டும் குடத்தால் மொண்டு செடிக்குச் செடி ஊற்றினார்கள். வாசகியின் தோட்டத்திலும் அப்படி ஒரு குட்டை இருக்கக்கூடும்.

இப்போது மகன் சொல்லும் நீச்சல் குளம். 20 அடிக்கு 40 அடி, நாலு அடி ஆழம் என்றால் சுமார் 90,000 லிட்டர். நாலு அறையிலும் நாலு பேர் வீதம் 16 பேர் தங்கி, நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கணக்கிடும் 135 லிட்டரைச் செலவழித்தாலும் ஒரு நாளைக்கு 2,160 லிட்டர்தான். குளத்தை ஒரு முறை நிரப்பும் நீரில் அந்த 16 பேரும் 40 நாள் குளித்து, துவைத்து, சாப்பிட்டுவிடுவார்கள். நிரப்புவதோடு முடிவதும் இல்லை. வெயிலில் ஆவியாவதை ஈடு செய்ய வேண்டும், மாற்றும்போது மருந்து கலந்த நீரை எங்காவது விட வேண்டும். குடத்தால் மொண்டு நிரப்ப முடியாது, ஆழ்துளை வேண்டும். கடற்கரை ஊரில், மணல் தோட்டத்தில், எல்லா வீட்டு மாடியிலும் இருக்கிற நீச்சல் குளத்தைப் பார்க்க யாரும் 300 கிலோமீட்டர் வரப் போவதில்லை. அந்தக் குளம் வேண்டாம்.

குளத்தை விட்டுவிட்டால் ஆட்கள் பயன்படுத்தும் தண்ணீரின் அளவு பெரிய பயம் இல்லை. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினாலே 40,000 லிட்டர் ஆகிறது. உண்மையான பயம் கழிவறையில் இருக்கிறது. மணலில் குழி தோண்டி விட்டால் கழிவு நேராகக் குட்டைக்கு வந்து சேரும். நாலு பேர் வீட்டுக்குத் தாங்கிய குழி 20 பேருக்குத் தாங்காது. கசியாத மூடிய தொட்டி, குட்டையிலிருந்து தள்ளி, நீரோட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டில், ஏசி எல்லாம் பிறகு. முதல் செலவு இதுதான்.

கையோடு செய்ய வேண்டிய இன்னொரு வேலை தண்ணீர்ப் பரிசோதனை. தை மாதம் ஒரு முறை, சித்திரை கடைசியில் ஒரு முறை குட்டை நீரை மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்தும் திறனைப் பார்க்க வேண்டும். 0.7 டெசிசைமன்ஸுக்குக் கீழே இருந்தால் பாசனத்துக்குக் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் பயிருக்குக் கடும் பாதிப்பு. இரண்டு அளவுக்கும் நடுவில் இருந்து, தைக்கும் சித்திரைக்கும் இடையில் வேகமாக ஏறுகிறது என்றால், கோடையில் விருந்தினரை எடுக்காமல் இருப்பதே நல்லது. அந்த எண்தான் எத்தனை பேரைத் தங்க வைக்கலாம் என்பதைச் சொல்லும். வங்கி மேலாளர் சொல்ல மாட்டார்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். 2019-ம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், உள்ளூர் மக்கள் ஏற்கெனவே இருக்கும் வீட்டின் அமைப்பையும் அளவையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்க வைக்க இடம் தரப்பட்டிருக்கிறது. வாசகியின் நிலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் கரையோர 500 மீட்டர் வரம்புக்குள் வராது. ஆனால் கடல் நீர் ஏறி இறங்கும் ஓடை அருகே இருந்தால் அந்தக் கரைக்கும் தனி வரம்பு உண்டு. சரணாலயத்தை ஒட்டிய நிலமானால் வனத்துறையிடமும் கேட்க வேண்டும். வீட்டில் தங்க வைக்கச் சுற்றுலாத் துறையிலும், சாப்பாடு போட உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிவு வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் விவரம் அனுப்புவது கட்டாயம். இவையெல்லாம் ஒரு வாரத்து அலைச்சல், பயப்பட ஒன்றுமில்லை.

எந்த மாதத்தில் கூப்பிடுவது? ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். கஜா கரை கடந்தது 2018 நவம்பர் 16. புயல் எச்சரிக்கை வரும்போது நம் வீட்டு ஆட்களைப் பேரிடர் மையத்துக்கு அனுப்புவதே பெரும்பாடு. ஊர் தெரியாத ஒரு குடும்பத்தையும் சுமக்க முடியாது. மார்கழி கடைசி முதல் மாசி வரை நல்ல காலம். பூநாரை சதுப்பில் இருக்கும், பனங்கிழங்கு கிடைக்கும், வெயில் தாழ்வாக இருக்கும். அந்தப் பனிக்காலத்தில்தான் முல்லை வரத்து அடங்கி வீட்டில் கையிருப்பு குறைகிறது. பூவில் வராத பணம் விருந்தினரால் வந்தால், இரண்டும் ஒன்றை ஒன்று மிதிக்காது. தை முதல் சித்திரை வரை கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலமும்கூட. இரவில் கரைக்கு டார்ச்சோடு கூட்டம் போகக் கூடாது. வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ஆமைக் குஞ்சுகள் திசைமாறிவிடும். வனத்துறை குஞ்சுகளைக் கடலில் விடும் நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு, அன்று அவர்களோடு போவதே சரி.

போக்குவரத்து முன்பு போல் இல்லை. திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி ரயில் பாதை 2023 ஏப்ரலில் அகலப் பாதையாக மறுபடியும் திறக்கப்பட்டது. கார் இல்லாத குடும்பமும் வந்து சேரலாம்.

மகன் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. அவர் திருப்பூரில் இருப்பார். விருந்தினர் வரும் நாளில் விடிகாலை பூப்பறிப்பை மேற்பார்த்துவிட்டு, இட்லி ஊற்றி, மதியம் மீன் கழுவி, இரவு படுக்கை விரிப்பது யார்? கடிதம் எழுதிய அந்த அம்மாதான். அவருடைய உழைப்புக்குக் கூலி போடாமல் எழுதப்படும் எந்த லாபக் கணக்கும் தப்பு. ஊரில் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவிடம் சமையலைத் தலைக்கு இவ்வளவு என்று ஒப்படைத்துவிட்டால் நாலு வீட்டுக்கு வருமானம் போகும், அவருக்கும் இடுப்பு மிஞ்சும்.

ஆகவே வாசகிக்குச் சொல்லக்கூடியது: கடன் வேண்டாம், இந்த ஆண்டு வேண்டவே வேண்டாம். இருக்கிற வீட்டில் ஒரு அறையை வெள்ளையடித்து, கழிவறையைச் சரிசெய்து, ஒரு கொசுவலை வாங்கிப் போட்டு, வரும் தையில் ஒரே ஒரு குடும்பத்தை இரண்டு இரவுக்கு அழைத்துப் பார்க்கலாம். மகனோடு வேலை செய்கிறவர்கள் யாராவது வரட்டும், காசு வாங்கிக்கொண்டுதான். அந்த இரண்டு நாள் வரவு செலவை நோட்டில் எழுதி வைத்து, பங்குனிக்குள் நாலைந்து முறை நடந்தால், இரண்டாவது அறையைப் பற்றி மகனோடு பேசலாம். ஜனவரி கடைசி வாரம் முல்லைக்குக் கவாத்து செய்யும் காலம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டும்போது விழும் குச்சிகளில் பென்சில் கனமுள்ளவற்றை எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கு நாலு கொடுத்து அனுப்பலாம். தொட்டியில் நட்டால் வேர் பிடிக்கும்.